பாதம் சார் வேண்டாம் என்ற படம்

செய்தி எனக்கு ஒரு விளம்பரம் போலத்தான் வந்தது.

மன்னார்குடி தெப்பக்குளத்துக் கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கி, கலர் பிரிண்டரைப் போட்டுவிட்டு, அது சூடாகும் வரை போனைப் பார்ப்பது வழக்கம். அன்றைக்குப் பாஸ்கர் ஒரு படம் அனுப்பியிருந்தான். பாஸ்கர், எழுத்தாளர் குஞ்சிதபாதத்தின் ஒன்றுவிட்ட தம்பி மகன்; பயிர் டானிக் விற்கும் ஒரு கம்பெனியில் ஏரியா மேனேஜர். "அக்கா, போஸ்டர் சைஸ்ல அவசரமா வேணும்" என்று கீழே எழுதியிருந்தான். படத்தில் நம் பாதம் சார், தலையில் பச்சைத் துண்டை முண்டாசு கட்டிக்கொண்டு, கையில் நெற்கதிரோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்தப் படத்தைக் கண்டாலே சாருக்கு ஆகாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இப்ப என்னத்தைப்பா புதுசா விக்கப் போறீங்க? பெரியப்பாகிட்ட கேட்டியா?" என்று குரலிலேயே பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வழக்கமாக விளம்பர வாசகம் இருக்கும் இடத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது.

விடியற்காலையில் காபி குடித்துவிட்டுப் பேப்பரைக் கையில் எடுத்தவர், பிரிக்கவே இல்லையாம். எங்கள் வழக்கப்படி சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லிவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் போஸ்டர் அடிக்க வேண்டுமே. ஊரில் அந்நேரத்துக்குத் திறந்திருந்த கலர் பிரிண்டர் என்னுடையதுதான். அழுதுகொண்டே பட்டனைத் தட்டினேன். மிஷினுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குச் சிரித்த முகத்தைத் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

நம் ஞாயிற்றுக்கிழமை வாசக வட்டத்து நண்பர்களுக்கு நான் ஒரு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். படத்திறப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது உங்களில் பலர் கேட்டீர்கள்: "அவரே வேண்டாம்னு சொன்ன படத்தை எப்படி நூர்ஜஹான் வெச்சீங்க?" அன்றைக்கு ஷட்டரை இறக்கும் சாக்கில் நழுவிவிட்டேன். இப்போது எழுதிச் சொல்லிவிடுகிறேன்.

சாரை நான் முதலில் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். ஜெராக்ஸுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் வாசிக்காமல் விடுகிற நல்ல குணம் எனக்குக் கிடையாது. ஜாதகம், பட்டா, விவாகரத்து நோட்டீஸ், எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சார் ஒரு நாள் தன் கதை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்து பத்திரம் மாதிரி இருந்தது. கதையில், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவன் தான் வாங்கிய மனையைப் பார்க்கப் போகிறான். விளம்பரத் தாளில் மனைக்குப் பின்னால் ஏரி இருக்கிறது, ஏரியில் அன்னம் மிதக்கிறது. நேரில் போனால் வயலில் கல் நட்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு காய்ந்த வாய்க்கால். பத்திரம் எழுதிய குமாஸ்தாவைப் பிடித்து, ஏரி எங்கே என்று கேட்கிறான். குமாஸ்தா அவனை வாய்க்கால் கரையில் உட்கார வைத்து, "மேட்டூர்ல திறந்தாச்சு, வந்துரும்" என்கிறார். இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் காற்றில் மனை விற்பனைப் பலகை சாய்ந்து விழுகிறது. அத்தோடு கதை முடிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சொந்தத் தம்பி அப்படித்தான் ஒரு மனை வாங்கிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்ப விமானம் ஏறியிருந்தான். "சார், இது எங்க தம்பி கதை. அவனைக் கேலி பண்றதுக்கு நீங்க யாரு?" என்று கல்லாவிலிருந்தே கேட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கேலி இல்லம்மா. உங்க தம்பி ஏமாளி இல்ல. பாலைவனத்துல கெடக்கறவரு, வீட்டுப் பக்கத்துல தண்ணி வேணும்னு நெனைச்சாரு. அந்த ஆசை நெசம். அதைப் படமா போட்டு அவர்கிட்டயே வித்தாங்க பாருங்க, அது மட்டுந்தான் பொய்." இதைச் சொல்லிவிட்டு, தம்பிக்கு வேலை துபாயிலா குவைத்திலா என்று வேறு கேட்டார். குவைத் என்றேன். அங்கேயே நின்று, கதையில் துபாயை அடித்துவிட்டுக் குவைத் என்று எழுதினார். அதன் பிறகு எப்படிச் சண்டை போடுவது?

பிறகு நம் வட்டம் என் கடை மாடியில், பேப்பர் ரீம்களுக்கு நடுவில் கூட ஆரம்பித்தது உங்களுக்கே தெரியும். சார் கதை என்றால் அதில் எங்காவது ஒரு விளம்பரப் பலகை நிற்கும். குளிர்பானப் பலகையின் நிழலில் நாக்கு வறண்டு பஸ்ஸுக்கு நிற்கும் நடவுப் பெண்கள். நகைக்கடைப் பலகையில் இருக்கும் பெண்ணை அண்ணாந்து பார்த்தபடி, காதுத் தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடியும் ஒரு அம்மா. கடைசியில் காற்றிலோ மழையிலோ அந்தப் பலகை விழும். கல்லூரியில் தமிழ் நடத்தும் நம் நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து, பலகை என்பது மாயைக்குக் குறியீடு, அது விழுவது உண்மையின் வெற்றி என்று அழகாக விளக்கினார். எல்லோரும் தலையாட்டினோம். சார் மட்டும் ஆட்டவில்லை.

"உண்மை ஜெயிச்சு என்னங்க பண்ணுச்சு? பலகை விழுந்தா நெழலும்ல போயிடுது" என்றார்.

நான் விடவில்லை. "அப்ப எதுக்கு சார் எல்லாக் கதையிலயும் போர்டைச் சாய்ச்சுடுறீங்க? ஒண்ணாவது நிக்கட்டுமே."

"நானா சாய்க்கிறேன் நூர்மா? காத்து பலமா இருக்கு."

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள் கடைக்கு வந்து, தான் ஒரு விளம்பரத்தில் வரப்போவதாகச் சொன்னார். பாஸ்கரின் கம்பெனிக்கு ஒரு விவசாயி முகம் தேவைப்பட்டதாம். பாதம் சாரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். கறுத்த, அகன்ற முகம், வெள்ளை மீசை, கண்ணோரம் சுருக்கம். ஒரு விவசாயியை வரையச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைத்தான் வரையும். ஆனால் அவர் சேற்றில் கால் வைத்தவரே இல்லை. சீர்காழிப் பக்கத்தில் இருந்த குடும்ப நிலம் அவர் அப்பா காலத்திலேயே கை மாறிவிட்டது. இவருக்கு நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவர் மனைவி மங்கையர்க்கரசி அக்கா நம் எல்லோர் முன்னாலேயும் போட்டு உடைத்திருக்கிறார்.

"வேணாம் சார், இத்தனை கதை எழுதிட்டு நீங்களே போய் அதுல நிப்பீங்களா?" என்றேன்.

"எத்தனை நாள்தான் வெளியிலேருந்தே எழுதறது? உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். உள்ளே போனால் வெளியே வரும் வழி தனக்குத் தெரியும் என்று நினைத்தார் பாவம்.

சம்பா நடவு முடிவதற்குள் அவர் முகம் டெல்டா முழுக்க நின்றது. ஒரத்தநாடு சாலையில், சீர்காழி புறவழியில், நம் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில். 'நான் நம்பினேன். நெல் என்னைக் கைவிடலை' என்று அவர் சொல்வது போல வாசகம். காலண்டரிலும் டானிக் டப்பாவிலும் அதே சிரிப்பு. டீக்கடையில் ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். "ஐயா, இலை மஞ்சளா ஓடுது, என்ன போடலாம்?" என்று கேட்டார்கள். "வேளாண்மை ஆபீஸ்ல கேளுங்கப்பா" என்பார். அதைப் பெரிய மனுஷத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் என்னிடம், "அந்தப் போர்டுல நிக்கிறவனை எனக்குப் புடிச்சுப்போச்சு நூர்மா. என்னைவிட நல்லவனா இருக்கான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தை பிறந்த சமயம், ஒரு நடுத்தர வயதுப் பெண் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு காலி டானிக் டப்பா. "இதுல இருக்கறவரு இந்த ஊருன்னு சொன்னாங்க. வீடு எங்கங்க?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சாரைப் பார்த்துவிட்டார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். அவர்தான் வசந்தா. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைப்பவர்.

"கதிர்க் கழுத்துல நோவு விழுந்து எல்லாம் பதராப்போச்சுங்கய்யா. மருந்தடின்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நான்தான், இதை ஊத்தியிருக்கோமே, இது பாத்துக்கும்னு இருந்துட்டேன். நெலத்துக்காரரு நாளைக்கு வர்றாரு. ஒனக்குப் பயிர் வைக்கத் தெரியல, நெலத்தை விட்டுருங்கறாரு. நீங்க வந்து, இந்த வருஷம் எல்லாருக்கும் இப்படித்தான், இந்தம்மா மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாரு. அவரு வீட்டுச் சொவத்துல ஒங்க காலண்டருதான் மாட்டியிருக்கு."

சார் மறுநாள் போனார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் கூப்பிட்டார், கடையை அடைத்துவிட்டுப் போனேன். வயலில் கதிர்கள் விறைத்துக்கொண்டு வெள்ளையாக நின்றன. மணி பிடித்திருந்தால் தலை சாய்ந்திருக்கும் என்பது எனக்கே தெரிந்தது. நிலத்துக்காரர் காரிலிருந்து இறங்கினார், சாரைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார்.

"ஐயா, நீங்களா! தெனம் காலையில ஒங்க மூஞ்சியிலதான் முழிக்கிறேன். நீங்களே சொல்லுங்க. இது நோவா, இல்ல இந்தம்மா பண்ணுன கோளாறா?"

வசந்தா சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எதைச் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "நான் விவசாயி இல்லைங்க. கதை எழுதறவன். படத்துக்கு நிக்கச் சொன்னாங்க, நின்னேன். ஆனா இந்தம்மா சொல்றது நெசம். நெலத்தை இவங்ககிட்டயே விட்டுடுங்க."

நிலத்துக்காரர் சாரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போஸ்டரைப் பாத்தா வெள்ளாமை வெச்சே நீ?" என்று வசந்தாவிடம் கேட்டார். சார் மறுபடி ஏதோ சொல்லப் போனார். "கதை எழுதறவருக்கு வெள்ளாமை நாயம் எதுக்கு சார்?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த அறுவடையோடு வசந்தா கையைவிட்டு நிலம் போனது.

அத்தனைக்குப் பிறகும் வசந்தா எங்களைப் பஸ் ஏற்றிவிட ரோடு வரை வந்தார். பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கேட்டார்.

"அப்ப அந்தச் சிரிப்பு, ஐயா?"

"சிரிப்பு என்னுதுதாம்மா."

"ஒரு நாளு விவசாயியா இருந்திருக்கக் கூடாதா ஐயா? ஒரே ஒரு நாளு."

அவர் கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். பஸ்ஸில் சார் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மன்னார்குடி வரும்வரை கைகளை மடியில் வைத்தபடி இருந்தார். இறங்கும்போது சொன்னார்: "உண்மையைச் சொல்லிட்டேன்னு நெனைச்சேன் நூர்மா. அது என் உண்மை. என் மனசைக் கழுவிக்கிட்டேன். அந்தம்மாவுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

அதற்குப் பிறகு அவர் ஒரு கதைகூட முடிக்கவில்லை. ஏன் எழுதுவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் கண் சரியில்லை என்றார், கண்ணுக்கு ஒன்றுமில்லை. வசந்தாவுக்கு வேறு குத்தகை கிடைக்குமா என்று பழைய ஆபீஸ் ஆட்களிடம் அலைந்தார். யாரும் பிடி கொடுக்கவில்லை. வசந்தா கூலிக்குக் களை எடுக்கப் போக ஆரம்பித்தார். சார் பாஸ்கரிடம் சண்டை போட்டு, அடுத்த பருவத்துக்குத் தன் படம் வராமல் பார்த்துக்கொண்டார். ஆனால் நம் ஊரில் ஃப்ளெக்ஸ் லேசில் சாகுமா? கழற்றிய பேனர்களை ஆட்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். மாட்டுக் கொட்டகைக் கூரையில் சார் சிரித்தார். கொள்முதல் நிலையத்து வாசலில் நனையும் நெல் குவியல்மேல் செங்கல் வைத்த முகத்தோடு சிரித்தார். பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். "போர்டு விழாத கதை ஒண்ணு எழுதணும் நூர்மா. போர்டு நிக்குது, அதுல இருக்கறவன் விழறான். வர மாட்டேங்குது" என்றார் ஒரு தரம்.

போன மழைக்காலத்தில் முதல் தடவை நெஞ்சு வலி வந்து தேறி வந்த பிறகு, கடைக்கு வந்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"நான் போனா படத்திறப்புன்னு ஒண்ணு வெப்பாங்க. அந்தப் படத்தை மட்டும் திறந்துடாதீங்க. அந்தம்மா எங்கயாவது பாத்துட்டா, செத்தும் சிரிக்கிறான் பாருன்னு நெனைக்கும்."

"ஏன் சார் இதை எங்கிட்ட சொல்றீங்க? வீட்ல சொல்லுங்க."

"உங்க வீடுகள்ல செத்தவங்க படத்தை மாட்டி மாலை போடற பழக்கம் இல்ல. அதான் உங்ககிட்ட சொல்றேன். நீங்க ஒருத்தர்தான் படத்துக்கு மயங்க மாட்டீங்க."

சரி என்று சொன்னேன். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் வீட்டுக்குப் போனேன்.

காரியங்கள் முடிந்து படத்திறப்பு பற்றிப் பேச்சு வந்ததும் பாஸ்கர் எல்லாவற்றையும் முடிவு செய்தே வைத்திருந்தான். அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவது, அவன் கம்பெனிப் பெரிய அதிகாரியை வைத்துத் திறப்பது. நான் கூடத்திலேயே குரலை உயர்த்தினேன். "அந்தப் படம் கூடாது. சாரே எங்கிட்ட சொல்லியிருக்காரு." பாஸ்கர் முகம் சிறுத்துப்போனான். மங்கை அக்கா எழுந்து, என் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனார்.

அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு உறையை எடுத்து மேடையில் கொட்டினார். சாரின் படங்கள். ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்தது, பென்ஷனுக்கு எடுத்தது, கல்யாணத்தன்று எடுத்தது. ஒன்றிலும் சிரிப்பில்லை. கல்யாணப் படத்தில்கூடக் கோர்ட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"இத்தனை வருஷத்துல அவரு சிரிச்ச படம் அது ஒண்ணுதான் நூரு."

"நான் வாக்கு குடுத்திருக்கேன்க்கா."

"தெரியும். எங்கிட்டயும்தான் கேட்டாரு. நான் சரின்னு சொல்லலை."

அப்புறம் அக்கா நின்றுகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கு நானும் கூடப் போயிருந்தேன். போட்டோ எடுக்கறவன் சிரிங்க சிரிங்கன்னு கத்தறான். இவரு கதிரைக் கையில புடிச்சுக்கிட்டு உம்முன்னு நிக்கிறாரு. வெயில்ல நிக்கிறாரேன்னு நான் பிளாஸ்கை எடுத்துக்கிட்டு வரப்புல வந்தேன். வழுக்கிவிட்டுச்சு. காபியோட சேத்துல உக்காந்துட்டேன். அவ்வளவுதான், மனுஷன் சிரிக்கிறாரு சிரிக்கிறாரு, நிறுத்த முடியலை. அதை எடுத்துட்டான். ஊரெல்லாம் நெல்லைப் பாத்துச் சிரிக்கிறாருன்னு நெனைச்சுக்கிச்சு. அவரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு நூரு. அந்தப் போர்டு நின்ன வரைக்கும், பஸ்ல ஏறுனா ஜன்னல் சீட்டுதான் கேட்டு உக்காருவேன்."

சார் தலையைத் திருப்பிக்கொண்ட அதே சாலையில், அதே பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்து இவர் எட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா தோளில் சாய்ந்து அழுதேன். ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு அவர் ஆறுதல் சொன்னார். போனவர் கேட்டதற்குச் சரி என்று சொல்லிவிட்டேன். இருப்பவர் கேட்பதற்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"அந்த வசந்தாம்மா காதுக்கு இது போனா?" என்று மட்டும் கேட்டேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்களையே கூப்பிடு. அதிகாரியும் வேணாம், ஒருத்தரும் வேணாம். அவங்க வந்து பாக்கட்டும். திறக்கலாம்னா அவங்களே திறக்கட்டும். வேணாம்னு துணியை மூடிட்டா, மூடுனது மூடுனதுதான். நானும் கேக்க மாட்டேன்."

வசந்தாவைத் தேடிப் போனபோது யாருடைய வயலிலோ களை எடுத்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா போயிட்டாரா?" என்று இரண்டு தரம் கேட்டார். படத்தைப் பற்றியும் அக்கா சொன்னதையும் சொன்னேன். சிரிப்புக்கான காரணத்தை மட்டும் நான் சொல்லவில்லை, அது அக்காவுடையது. "நான் எதுக்குங்கக்கா? பெரிய மனுசங்க செய்யறதாச்சே" என்றார். வாங்க என்றேன். "பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அன்றைக்கு மாடியில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் பின்னால் இருந்தவர்களுக்குக் காதில் விழுந்திருக்காது, முன்னால் இருந்தவர்களுக்கு விவரம் தெரியாது. வசந்தா துணியை ஒரு ஓரமாகப் பிடித்து மெதுவாக இழுத்தார். முழுதும் விலகவில்லை. முண்டாசும் முகமும் கதிரும் தெரிந்தன. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். திரும்ப மூடிவிடுவாரோ என்று பயந்தேன். மூடிவிட்டால் நல்லது என்றும் மனதில் ஒரு பக்கம் இருந்தது. பக்கத்தில் நின்ற மங்கை அக்காவிடம் அவர் திரும்பினார்.

"அக்கா, இதுல ஐயா யாரைப் பாத்துச் சிரிக்கிறாரு?"

"என்னைத்தாம்மா" என்றார் அக்கா.

வசந்தா படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"நடவுக்குப் போகையில வர்றப்ப எல்லாம், போர்டுலேருந்து என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறாருன்னு நெனைச்சேன்க்கா."

அவ்வளவுதான் சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள், அதை நீங்கள் பார்த்தீர்கள். பிறகு வசந்தா மீதித் துணியையும் இழுத்து, மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். மூடவில்லை. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தீர்கள். நல்ல வேளை, யாரும் தட்டவில்லை.

விளம்பரத்தைப் பற்றி சார் எழுதிய கதைகளை இப்போது மறுபடி வாசிக்கிறேன். வசந்தா சொன்ன அந்த ஒரு வாக்கியம் எந்தக் கதையிலும் இல்லை. இருந்திருந்தால் சார் அந்தப் பலகை விழாத கதையை முடித்திருப்பார். அதை அவர் காதில் போட முடியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. சார், பொய் அந்தச் சிரிப்பில் இல்லை என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ஒருத்திக்காகச் சிரித்ததை எடுத்து ஊருக்கெல்லாம் காட்டியதுதான் வினை. அதை நீங்களே என் தம்பி விஷயத்தில் எனக்குச் சொன்னீர்கள், உங்களுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளாமல் விட்டுவிட்டீர்கள்.

சிரிக்கிற படம் மங்கை அக்கா வீட்டுக் கூடத்தில், அவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரில் மாட்டியிருக்கிறது. அது அங்கேதான் இருக்க வேண்டும். வசந்தா போன வாரம் வந்து பார்த்துவிட்டு, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் அந்த உறையிலிருந்து அடையாள அட்டைப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சார் என்னிடம் கேட்டதில் என்னால் முடிந்தது அவ்வளவுதான். கடையில் கல்லாப் பக்கத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மாலை கிடையாது, பொட்டு கிடையாது. அதில் அவர் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் குனிந்து பார்க்கிறார்கள். "யாருக்கா இது, இவ்வளவு உம்முன்னு இருக்காரு? எங்கயோ பாத்த மொகமா இருக்கே" என்கிறார்கள்.

"எங்க பாதம் சார்" என்கிறேன். "விவசாயி இல்ல. கதை எழுதினவரு."